சத்தத்தைக் கேட்பது: மாயாவின் மூன்றாவது இசைத்தொகுப்பும் சோனகத் தெருவின் செவிகளும்

சென்ற நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு மாலை. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில், என் ராத்தாவின் வீட்டு முன்விறாந்தையில் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை வைத்து, நாலைந்து பேராக ஓர் ஆங்கில இசைத்தொகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டாவது பாட்டுத் தொடங்கிச் சில நொடிகள்கூட ஆகவில்லை. அடுத்த வளவுக்காரர் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார். "என்ன காக்கா, வீட்டில வெல்டிங் வேலை நடக்குதோ?"

நாங்கள் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னது ஒரு விமர்சனம் என்றே நான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பாட்டு உண்மையாகவே துளையிடும் இயந்திரங்களின் இரைச்சலிலிருந்து கட்டப்பட்டது. மேலைநாட்டு விமர்சகர்கள் பலர் பக்கம் பக்கமாக எழுதியதை அம்மனிதர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார்: இது இசையா, வேலைத்தளத்துச் சத்தமா?

நாங்கள் கேட்டது எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி 'மாயா' அருள்பிரகாசத்தின் மூன்றாவது தொகுப்பு. அவருடைய பெயரையே தலைப்பாகக் கொண்ட 'மாயா' 2010 ஜூலையில் வெளிவந்தது. பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. இத்தனை காலத்தில் நமது முஸ்லிம் எழுத்தாளர் வட்டத்தில் இதைப் பற்றி ஒரு பந்தியாவது எழுதப்பட்டு நான் வாசித்ததில்லை. அப்படி எழுத வேண்டிய தேவை இருக்கிறதா என்ற கேள்விக்கு இக்கட்டுரை முடியும்போது பதில் கிடைக்கலாம். இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. நாகூர் ஹனிபாவின் குரலை லவுட்ஸ்பீக்கரில் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

1

மாயா 1975இல் லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கே ஹோலி பமிலி கொன்வென்ற்றில் படித்து, இடையில் சென்னையிலும் சிறிது காலம் இருந்து, 1986இல் தாயுடன் லண்டனுக்கு அகதியாகத் திரும்பியவர். தந்தை அருளர் ஈரோஸ் இயக்கத்தின் நிறுவனர்களுள் ஒருவர். நமது வாசகர்கள் அவரை வேறொரு வகையிலும் அறிவார்கள். 1977 இனக்கலவரத்தின் பின்னர் கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த கப்பலைக் களமாகக் கொண்ட 'லங்கா ராணி' என்ற நாவலை எழுதியவர் அவர்தான். ஒரு சமூகம் உடுத்த துணியோடு கப்பலில் ஏற்றப்பட்டதைத் தந்தை நாவலாக எழுதினார். அந்த அகதி வாழ்க்கையின் மிச்சத்தை மகள் சத்தமாகப் பதிவு செய்தார் என்று சொன்னால் அது பெரிய பிழையாகாது.

முதல் தொகுப்பு 2005இல் தந்தையின் பெயரிலும் இரண்டாவது 2007இல் தாய் கலாவின் பெயரிலும் வந்தன. 'கலா'வுக்காகச் சென்னையில் உறுமி மேளக்காரர்களைக் கொண்டு ஒலிப்பதிவு செய்தார். அதன் முதற் பாட்டில் 'தளபதி' படத்துக் 'காட்டுக்குயிலு'வின் துண்டொன்று வருகிறது. அத்தொகுப்பிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' துப்பாக்கி வெடிகளையும் காசுப் பெட்டியின் மணியையும் பல்லவிக்குள் வைத்துக்கொண்டே 2008இல் அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடம்வரை போனது. ஏ.ஆர். ரஹ்மானுடன் 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்துக்குச் செய்த பாடல் 2009இல் ஒஸ்கார் பரிந்துரையைப் பெற்றது. அதே ஆண்டு பெப்ரவரியில், நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் நின்று பாடினார். அவ்வேளையில் வன்னியில் யுத்தம் அதன் கடைசி மாதங்களில் இருந்தது.

மேற்குலகின் செல்லப்பிள்ளையாக இருந்த அந்தக் கணத்தில் அவர் இன்னொரு 'பேப்பர் பிளேன்ஸ்' செய்திருக்கலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவர் கொடுத்தது 'மாயா'வை.

2

தொகுப்பின் அட்டையிலேயே சத்தம் தொடங்கிவிடுகிறது. யூடியூப் காணொளிகளுக்குக் கீழே வரும் பட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டி, அவற்றுக்குப் பின்னால் பாடகியின் முகம் பாதி மறைந்து கிடக்கிறது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான முதற் பாட்டில், கூகுள் வழியாக அரசாங்கம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஓர் ஆண்குரல் எச்சரிக்கிறது. அன்று இதைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள். 2013இல் எட்வேர்ட் ஸ்னோடன் ஆவணங்களை வெளியிட்ட பிறகு அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. அதன்பின் துளையிடும் இயந்திரங்கள். பின்னர், நியூயோர்க்கின் 'சூயிசைட்' என்ற பழைய இரட்டையர் குழு 1977இல் போட்ட 'கோஸ்ட் ரைடர்' இசைத்துண்டின் மேல் கட்டப்பட்ட 'போர்ன் ஃப்ரீ'. அதை அடுத்து 'மெட்ஸ் அன்ட் ஃபெட்ஸ்'. இதைச் செய்தவர் டெரெக் மில்லர், அமெரிக்காவின் 'ஸ்லே பெல்ஸ்' என்ற சத்தமான ரொக் குழுவின் கிற்றார்க்காரர்.

கேட்டவர்களின் கருத்து இரண்டாகப் பிளந்தது. விமர்சனங்களைத் திரட்டிச் சராசரி காட்டும் மெற்றாகிரிற்றிக்கில் இதற்கு நூற்றுக்கு 68 கிடைத்தது. முந்தைய இரண்டு தொகுப்புகளும் பெற்றதைவிட இது மிகக் குறைவு. இளைஞர்கள் மதித்து வாசித்த பிட்ச்ஃபோர்க் பத்துக்கு 4.4 கொடுத்தது. வேறு சில இதழ்களோ இதனை ஆண்டின் சிறந்த தொகுப்புகளுள் சேர்த்தன. அமெரிக்க விற்பனை வரிசையில் இது ஒன்பதாம் இடத்தைத் தொட்டது. 'கலா' பதினெட்டோடு நின்றிருந்தது. விமர்சகர் கைவிட்ட தொகுப்பை மக்கள் முதல் வாரத்தில் முன்னையதைவிட மேலே ஏற்றினார்கள் என்பது ஒரு முரண்.

இங்கே ஓர் ஒப்பீடு அவசியமாகிறது. 'ஸ்லே பெல்ஸ்' குழுவின் முதல் தொகுப்பான 'ட்ரீற்ஸ்' அதே 2010இல், சில வாரங்கள் முன்னதாக வெளிவந்தது. அதனை வெளியிட்டதில் மாயாவின் சொந்த நிறுவனமான 'நீற்'றுக்கும் பங்குண்டு. அங்கும் அதே மில்லரின் கிற்றார். அங்கும் ஒலிப்பதிவுக் கருவியின் எல்லையை மீறி உடைந்து சிதறும் ஓசை. அங்கும் இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண்குரல். 'மெட்ஸ் அன்ட் ஃபெட்ஸ்' அந்த 'ட்ரீற்ஸ்' பாட்டின் துண்டையே எடுத்துக்கொண்டு செய்யப்பட்டது. பிட்ச்ஃபோர்க் 'ட்ரீற்ஸ்'ஸுக்கு 8.7 கொடுத்தது. ஒரே கடைத் தராசு, ஏறக்குறைய ஒரே சரக்கு, இரண்டு நிறை.

இதை வெறும் பாரபட்சம் என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். 'ட்ரீற்ஸ்' குறுகிய நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதன் மெட்டுகள் இலகுவில் நாவில் ஒட்டிக்கொள்கின்றன. 'மாயா'வின் நடுப்பகுதி தளர்வானது. ஒன்றிரண்டு பாட்டுகள் முடிவடையாமலே கைவிடப்பட்டவை போல இருக்கின்றன. இருந்தும் 8.7க்கும் 4.4க்கும் இடையிலுள்ள தூரத்தை மெட்டுகள் மட்டும் நிரப்பிவிடா. வரலாறு இல்லாத சத்தம் கேட்பவனுக்குக் குதூகலம். பாட்டு முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போய்விடலாம். வரலாற்றைச் சுமந்துகொண்டு வரும் சத்தம் அவனிடம் ஏதோ கேட்கிறது. கேட்கப்படுவதை அவன் விரும்புவதில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகையில் வந்த நீண்ட கட்டுரை பாடகியின் அரசியலையும் அவருடைய வசதியான வாழ்க்கையையும் எதிரெதிராக நிறுத்திக் காட்டியது. அதன் பின்னர் தொகுப்பைப் பற்றி எழுதிய பலர் பாட்டைவிடப் பாடகியையே நிறுத்துப் பார்த்தார்கள்.

3

எங்கள் விறாந்தைக்குத் திரும்புவோம். கேட்டவர்கள் சொன்னவற்றை அப்படியே தருகிறேன்.

ஐந்து சந்திப் பக்கம் சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வந்திருந்தார். முப்பது வருடமாகக் கோயில் திருவிழா, கலியாண வீடு, மீலாத் விழா என எல்லாவற்றுக்கும் பெட்டி கட்டுகிறவர். அவருடைய கருத்துத் தொழில் சார்ந்தது. "பாடுற பிள்ளையின்ர குரலை ஏன் இவ்வளவு உள்ளுக்க தாட்டு வைச்சிருக்கினம்? குரலைத் தூக்கி வைச்சால்தானே பாட்டு. நான் இப்படிச் செய்தால் கலியாண வீட்டில காசு தரமாட்டினம்." இதே குறையை மேற்கில் பலரும் சொன்னார்கள். குரல் பல இடங்களில் இயந்திரத்தால் நெளிக்கப்பட்டு, ஓசைக்குள் அமிழ்ந்து கிடக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்கவே மறுத்துவிட்டார். எங்கள் சமூகத்தைச் சேர்ந்த, நிறைய வாசித்த மனிதர். "புலிப்படம் போட்டுப் பாடினவவின்ர பாட்டை நான் ஏன் தம்பி கேட்க வேணும்?" அவர் சொன்னது ஆதாரமில்லாத பேச்சன்று. முதல் தொகுப்பின் அட்டையில் புலியும் தாங்கியும் துப்பாக்கியும் அச்சு வார்ப்புகளாக இருந்தன. தந்தையின் இயக்கம் வேறு என்பதும், சாதாரண தமிழ் மக்களின் சாவைப் பற்றியே தான் பேசுவதாக மாயா சொல்லிவந்திருக்கிறார் என்பதும் உண்மை. ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அந்த வரலாற்றைச் சுமக்கும் ஒருவருக்கு, அழகுக்காகப் போட்ட புலி என்று ஒன்று கிடையாது. ஆசிரியர் தேநீரைக் குடித்துவிட்டு ஸலாம் சொல்லி எழுந்துபோனார்.

ரொறொன்ரோவிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண், பக்கத்து வீட்டுக்காரரின் உறவு, தன் பதின்ம வயதில் இந்தத் தொகுப்பைக் கேட்டு வளர்ந்தவர். 2009 மே 10ஆம் திகதி அந்நகரின் கார்டினர் நெடுஞ்சாலையைத் தமிழர்கள் மறித்து உட்கார்ந்தபோது தாயுடன் அங்கே இருந்தவர். "இது வடிவான பாட்டில்லை அங்கிள். அந்த வருசமும் வடிவா இருக்கேல்லை" என்றார். எத்தனையோ விமர்சனங்கள் வாசித்தேன். இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லக் காணவில்லை.

ராத்தாவின் கடைசி மகனுக்கு இருபத்திரண்டு வயது. புத்தளத்தில் பிறந்தவன். கைபேசியில் ஹிப் ஹொப் கேட்பவன். "பீட் நல்லா இருக்கு மாமா. ஆனா என்ன சொல்ல வாறா எண்டு விளங்கேல்ல. நாலு பாட்டுக்குப் பிறகு களைச்சுப் போச்சு." அவன் எந்த வரலாற்றையும் கொண்டுவராமல், காதை மட்டும் கொண்டுவந்தவன். அவனுடைய களைப்பும் ஒரு சாட்சியமே. பாடகிக்காக வாதாட விரும்பும் எவரும் அதைத் தள்ளிவிட முடியாது.

4

இனி என்னுடைய கேட்பு.

மாயா பிறந்த அதே ஆண்டில் பிறந்தவன் நான். 1986வரை ஒரே பட்டினத்தின் ஓசைகளைத்தான் இருவரும் கேட்டிருப்போம். கோயில் மணியும் பாங்கும் தேவாலயப் பூசையும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும் காலைகள். விடியவிடிய மேளக் கச்சேரி. எண்பதுகளின் நடுப்பகுதியில் அவற்றின் மேலே வந்து உட்கார்ந்த ஹெலிகொப்டர், கோட்டைப் பக்கத்து ஷெல். நாங்கள் சிறுவர்கள் சத்தத்தை வைத்தே எது எங்கே விழும் என்று சொல்லப் பழகியிருந்தோம். எங்களுக்குச் சத்தம் தகவல். அதனைச் சரியாகக் கேட்பது உயிர் சம்பந்தப்பட்ட கெட்டித்தனம். லண்டனில் தன் வீட்டு வானொலி களவு போனபின், பக்கத்து வீட்டுச் சுவரினூடாக வந்த ஹிப் ஹொப்பைக் கேட்கத் தொடங்கியதாக மாயா சொல்லியிருக்கிறார். சுவருக்கு அப்பாலிருந்து வரும் ஓசையைக் கூர்ந்து கேட்கும் பழக்கத்தை அந்தப் பிள்ளை எங்கே பெற்றிருக்கும் என்று எனக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே துளையிடும் இயந்திரத்தின் பாட்டு எனக்குத் துன்பம் தரவில்லை. அதில் ஓர் ஒழுங்கிருக்கிறது. இயந்திரங்கள் தாளக்காரரைப் போல ஒன்றுக்கொன்று இடம் விடுகின்றன. அதை நான் இசை என்றே சொல்வேன். 'போர்ன் ஃப்ரீ' இத்தொகுப்பின் உச்சம். ஒரே சுழற்சியில் திரும்பத் திரும்ப வரும் அந்த உறுமலின் மேல் குரல் மூச்சிரைத்துக்கொண்டு ஓடுகிறது. பிடிபடாமல் ஓடும் ஒருவரின் பாட்டு அது. எண்பதுகளின் தொடக்கத்துப் பொப் பாட்டொன்றை மெதுவான ரெகே தாளத்தில் மறுபடி பாடிய 'இட் ரேக்ஸ் எ மசில்' நடுவில் ஒரு நிழல்மரம் போல வருகிறது. கடைசிப் பாட்டான 'ஸ்பேஸ்' தொகுப்பை அமைதியில் கொண்டுபோய் விடுகிறது. இரைச்சலைத் தெரிந்தே செய்திருக்கிறார், அமைதி அவருக்குத் தெரியாததல்ல என்பதற்கு இவ்விரண்டுமே போதிய சான்று.

எனக்குப் பிரச்சினை வேறிடத்தில். 'லவலொட்' என்றொரு பாட்டு இதில் இருக்கிறது. 2010 மார்ச் 29ஆம் திகதி மொஸ்கோவின் சுரங்க ரயிலில் இரண்டு பெண்கள் குண்டுகளுடன் வெடித்தார்கள். ஏறக்குறைய நாற்பது பேர் இறந்தார்கள். அப்பெண்களுள் ஒருத்தி தாகெஸ்தானைச் சேர்ந்த பதினேழு வயதுக் கைம்பெண். அந்தச் செய்தியே இப்பாட்டுக்குத் தூண்டுதல். தலைப்பிலுள்ள கடைசி எழுத்தை லண்டன் தெருவழக்கில் விழுங்கிச் சொல்லும்போது, 'நிறைய நேசிக்கிறேன்' என்ற ஆங்கிலச் சொற்கள் இறைவனின் திருநாமம் போல ஒலிக்கின்றன. பாட்டின் முழுக் கெட்டித்தனமும் இந்தச் சிலேடையில்தான்.

முஸ்லிம் என்ற முறையில் புண்பட்டதால் இதைச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விமர்சகன் என்ற முறையில் சொல்கிறேன். பதினேழு வயதில் கணவனை இழந்து, தன்னோடு பிறரையும் கொன்ற ஒரு பெண்ணிடம் நெருங்கிச் செல்லக் கலைஞருக்கு உரிமையுண்டு. ஆனால் நெருங்கிச் சென்றபின் அவளைப் பற்றி ஏதாவது தெரிந்துகொண்டு திரும்ப வேண்டும். இப்பாட்டு அவளை ஒரு சொல்லின் ஓசையாக மாற்றி, அதைச் சுழற்றி விளையாடிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கொல்லப்பட்டவர்களும் இல்லை, அவளும் இல்லை. எஞ்சுவது ஒரு தெருப்பிள்ளையின் மிடுக்கு மட்டும்.

இவ்விடத்தில் எம்.ஏ. நுஃமானை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டபோது, கிழக்கிலிருந்து வந்து இங்கே பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த அந்த முஸ்லிம் கவிஞர் 'புத்தரின் படுகொலை'யை எழுதினார். அந்தக் கவிதை குரலை உயர்த்துவதேயில்லை. எரிந்தது தன் ஊரல்ல என்று அவர் ஒதுங்கவில்லை. தன் ஊர் என்று மார்தட்டவுமில்லை. அடுத்தவரின் இழப்புக்குள் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்ற அளவு அவருக்குத் தெரிந்திருந்தது. 'லவலொட்'டில் இல்லாதது அந்த அளவு. சத்தம் பெரிதாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தச் சத்தம் ஒரு மனிதரைக் கேட்கவிடாமல் செய்யும்போதுதான் ஆட்சேபம்.

5

எல்லோரும் போனபின் ராத்தா ஒரு காரியம் செய்தார். அதுவரை குசினியிலிருந்து வந்தும் போயுமாக இருந்தவர், "அந்தப் பிள்ளையின்ர வீடியோ ஏதோ தடை செய்தவை எண்டு கதைச்சியள், அது என்ன?" என்று கேட்டார். 'போர்ன் ஃப்ரீ' காணொளியைக் காட்டத் தயங்கினேன். ரொமெய்ன் கவ்ராஸ் இயக்கி 2010 ஏப்ரலில் வெளிவந்த அந்த ஒன்பது நிமிடப் படத்தில் கொடுமையான காட்சிகள் உண்டு. யூடியூப் அதனைச் சில நாடுகளில் நீக்கியும் வயதெல்லை வைத்தும் கட்டுப்படுத்தியது. சீருடைக்காரர்கள் ஒரு குடியிருப்புக்குள் புகுந்து ஆட்களை இழுத்தெடுக்கிறார்கள். பிடிபடுபவர்கள் எல்லோருக்கும் தலைமயிர் செம்பட்டை. குற்றம் அவ்வளவுதான். வாகனத்தில் ஏற்றி வெட்டவெளிக்குக் கொண்டுபோகிறார்கள்.

கொலைகள் வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். வாகனத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ராத்தா, "இது எங்கட கதை எல்லோ" என்றார்.

மாயா இதை ராத்தாவை நினைத்து எடுக்கவில்லை. தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டதை நினைத்தே எடுத்தார் என்று அப்போது பலரும் வாசித்தார்கள். அப்படி வாசிக்க நல்ல காரணமும் இருந்தது. 1990இன் வெளியேற்றம் அவருடைய எந்தப் பாட்டிலும் என் காதில் விழுந்ததில்லை. அந்த மௌனத்தை நான் மன்னிக்கவில்லை, பதிவு செய்கிறேன். ஆனால் பிறப்பால் வந்த ஓர் அடையாளத்துக்காக மனிதர்களைத் தேடிப்பிடித்து ஏற்றிச் செல்வது என்ற காட்சியை அவர் நேர்மையாகக் கட்டியதனால், கட்டியவர் நினைத்திராத ஒருவரும் அதற்குள் தன்னைக் கண்டுகொண்டார். படைத்தவரின் அரசியலைவிடப் படைப்பு பெரிதாகிவிடும் இடங்கள் உண்டு. 'போர்ன் ஃப்ரீ' அப்படி ஓர் இடம்.

ராத்தா பிறகு சொன்னது என் கருத்தையே ஓரளவு மாற்றியது. குரல் விளங்கவில்லை என்று எல்லோரும் குறை சொன்னதைப் பற்றி நான் அவரிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அண்டைக்கு லவுட்ஸ்பீக்கரில அறிவிச்ச குரல் வடிவா விளங்கினது, தம்பி. ஒரு சொல்லும் பிழைக்கேல்ல" என்றார்.

'அன்றைக்கு' என்றால் எங்கள் வீட்டில் எந்த நாள் என்று கேட்பதில்லை. 1990 ஒக்டோபர் 30. தெருக்களில் வாகனத்தில் வந்த ஒலிபெருக்கி, முஸ்லிம்கள் எல்லோரும் ஒன்றுகூட வேண்டும் என்று அறிவித்த காலைப் பொழுது. இந்தக் குடாநாட்டில் ஒலிபெருக்கியின் தெளிவான குரல்கள் பெரும்பாலும் கட்டளையிட்ட குரல்களாகவே இருந்திருக்கின்றன: ஊரடங்கு, சுற்றிவளைப்பு, ஒன்றுகூடு, வெளியேறு. சனங்களின் குரலோ எப்போதும் வேறு இரைச்சல்களுக்கு அடியில்தான் கிடந்தது. சவுண்ட் சேர்விஸ் நண்பர் குறையாகச் சொன்ன அதே அமைப்பை நான் இப்போது வேறு விதமாகக் கேட்கிறேன். இத்தொகுப்பில் குரல் அமிழ்ந்து கிடப்பது எல்லா இடத்திலும் கலைத்திறன் என்று சொல்லமாட்டேன். சில பாட்டுகளில் அது கவலையீனம்தான். ஆயினும் 'போர்ன் ஃப்ரீ'யில் இரைச்சலுக்குள்ளிருந்து குரல் மேலே வர முயன்று முயன்று தோற்பது, நாங்கள் வாழ்ந்த ஒலிநிலையின் மிகச் சரியான படம்.

6

தீர்ப்பாகச் சொல்வதானால்: 'மாயா' பாதி வெற்றிபெற்ற தொகுப்பு. சத்தமாக அது உண்மை பேசுகிறது. சொல்லாக வரும்போது பல இடங்களில் பொய்க்கிறது. மேலைநாட்டு விமர்சகர்கள் பலர் இதற்கு எதிர்மாறாகச் சொன்னார்கள்: கருத்து இருக்கலாம், சத்தம்தான் தாங்கவில்லை என்று. அவர்களுடைய செவி அவர்களுடைய வாழ்க்கையால் ஆனது. நம்முடைய செவியும் அப்படியே. ரொறொன்ரோப் பெண் நெடுஞ்சாலையைக் கேட்டார். மருமகன் பீட்டைக் கேட்டான். ராத்தா வாகனத்தைக் கேட்டார். விமர்சனம் என்பது இந்தச் செவிகளையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதன்பின் படைப்பிடம் திரும்பிப் போவதாக இருக்க வேண்டும்.

எழுந்துபோன ஆசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் மறுப்பு விமர்சனமாகாது. நம்மைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நாம் இல்லை என்று முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம், சரியாகவே சொல்கிறோம். அதே நாம், அடுத்தவரின் பாட்டை அட்டைப்படத்தோடு மூடிவைத்தால், நமக்குச் செய்யப்பட்டதையே சிறிய அளவில் நாமும் செய்தவர்களாவோம். கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று எழுதுவோம். எங்கே பிழைத்தது என்று எழுதுவோம். புலிப்படத்துக்கும் 'லவலொட்'டுக்கும் எதிராக எழுத நம்மிடம் ஒருவருக்கும் இல்லாத தகுதி இருக்கிறது. முழுவதையும் கேட்ட பிறகே அது தகுதி.

மறுநாள் காலை அடுத்த வளவுக்காரர் மதிலடியில் நின்று, "இண்டைக்கும் வெல்டிங் இருக்கோ காக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, வாருங்கள் என்றேன். வந்து உட்கார்ந்து, துளையிடும் இயந்திரத்தின் பாட்டை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கேட்டார். முடிந்ததும், "சத்தம்தான். ஆனால் சும்மா சத்தமில்லை" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.